இழுபட்ட கம்பி

பழைய கார்களின் பின்விளக்கைப் புதுப்பித்துக் கொடுப்பதுதான் பல்பக்காவின் தொழில். முன்விளக்கைத் தொடமாட்டாள். கேட்டால், "முன்னாடி பாக்கறதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. பின்னாடி வர்றவனைப் பத்தி யாருக்குக் கவலை?" என்பாள். ஏமாந்தவனைப் பார்த்து 'பல்பு வாங்கிட்டான்' என்று சிரிக்கிற காலத்தில் இப்படி ஒரு பெயரைச் சுமந்துகொண்டு தெருவில் நடப்பது லேசான காரியம் இல்லை. அவள் அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. "நான் பல்பு வாங்கறவதான். எங்க வீட்டுக்காரர் குடுக்கறவர்" என்று, பஸ் ஓட்டுகிற கணவனையும் சேர்த்து இழுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள்.

வீட்டின் பின்னறைதான் பட்டறை. ஜன்னலுக்குக் கீழே ஒரு மேசை, மேசைமேல் தண்ணீர்க் கிண்ணம், உப்புத்தாள் துண்டுகள். மங்கிப்போன சிவப்பு லென்ஸை நனைத்து நனைத்து, முதலில் சொரசொரப்பான தாளால், பிறகு அதைவிட மெல்லியதால் என்று தேய்த்துக்கொண்டே இருப்பாள். தேய்க்கத் தேய்க்க முதலில் இன்னும் மோசமாகும். சிவப்பு வெளுத்து, வண்டிக்காரர் பார்த்தால் வயிற்றில் அடித்துக்கொள்கிற மாதிரி ஆகிவிடும். அதனால் பாதி வேலையில் யாரையும் உள்ளே விடமாட்டாள். "இவ்வளவு கஷ்டப்படறதுக்குப் புது லென்ஸ் வாங்கிப் போட்டுடலாமே" என்று சொன்ன ஒருவரை வாசலோடு அனுப்பியிருக்கிறாள். வண்டியோடு பிறந்தது வண்டியோடுதான் இருக்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம்.

கூடவே ஒரு வழக்கம். கழற்றிய பழைய பல்புகளைத் தூக்கிப் போடமாட்டாள். ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைப்பாள். பிரேக் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது வண்டி எதிலாவது மோதினால், சூட்டில் இளகிக் கிடக்கிற பல்புக் கம்பி அந்த அதிர்ச்சியில் இழுபட்டுத் தொங்கிவிடும். எரியாமல் இருந்த பல்பு என்றால் கம்பியின் சுருள் கலையாமல் அப்படியே நிற்கும். ஆக, மோதிய நொடியில் ஓட்டியவரின் கால் பிரேக்கில் இருந்ததா இல்லையா என்பது பல்புக்குத் தெரியும். பல்பைப் பார்த்தால் பல்பக்காவுக்கும் தெரியும்.

தெரிந்து வைத்திருப்பதில் தப்பில்லை. தெரிந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அதுதான் அவளுக்கு வராது.

அன்றைக்கு வந்த இளைஞன் நல்ல மரியாதைக்காரன். வீட்டு ஷெட்டில் பல வருஷமாக நிற்கிற காரை ஓடவைக்கப் போகிறானாம். முன்பக்கத்தைத் தட்டி நிமிர்த்தியாயிற்று, என்ஜின் வேலை முடியப்போகிறது. பின்விளக்கு இரண்டும் வண்டி பிறந்தபோது மாட்டிய அதே விளக்குகள், அவற்றில் அவள்தான் கை வைக்க வேண்டும் என்றான். பல்பக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. டீயைக் கொடுத்து உட்காரவைத்து, கேட்காமலே தகர டப்பாவைத் திறந்தாள்.

"இத பாருங்க தம்பி, ஒரு டாக்சிக்காரரோடது. மனுஷன் பிரேக்கை அந்த மிதி மிதிச்சிருக்கார். கம்பி எப்படி இழுத்துக்கிட்டு நிக்குது பாருங்க. இது இன்னொருத்தரோடது. கடைசி வரைக்கும் மிதிக்கவே இல்லை. எங்க பாத்துக்கிட்டு வந்தாரோ."

அவன் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தான். "எங்க வண்டியையும் பாத்து சொல்ல முடியுமாக்கா?"

"ஏன், அதுவும் அடிபட்டதா?"

"எங்க அப்பா அதுலதான் போனார். நல்ல பகல் வெளிச்சத்துல. வளைவுல திரும்பாம நேரா கல் சுவத்துல போய் மோதிட்டார். எனக்கு அப்ப ரொம்பச் சின்ன வயசு."

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். டப்பாவை மூடிவிட்டு, பழைய பல்பில் எல்லாம் அவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாது தம்பி என்று மழுப்பினாள். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். போனவன் வாயும் சும்மா இருக்கவில்லை.

மறுநாள் விளக்குகளைக் கழற்ற அந்த வீட்டுக்குப் போனபோது வாசலில் நின்றது அவன் அம்மா. ஒல்லியான, நிமிர்ந்த உடம்பு. வா என்று கூடச் சொல்லாமல் ஷெட்டுக்கு அழைத்துப் போய், கதவைப் பின்னால் சாத்திவிட்டுத்தான் பேசினாள்.

"பையன் சொன்னான். பல்பைப் பாத்தா தெரிஞ்சிடுமாமே."

"சில நேரம் தெரியும்மா. எல்லா நேரமும் தெரியாது."

"ஊர் ரெண்டா பேசிச்சு. வளைவு கண்ணுக்குத் தெரியலைன்னு பாதி பேர், வேணும்னே விட்டுட்டார்னு பாதி பேர். ஊர் வாயை மூட எந்த உலைமூடி பத்தும்? அதை விடு. அவர் பிரேக்ல கால் வெச்சாரா இல்லையா, எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சா போதும். பையன்கிட்ட சொல்லாதே. என்கிட்ட மட்டும் சொல்லு."

அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் பல்பக்காவால் மறுக்க முடியவில்லை. சரி என்று சொல்லிவிட்டாள். வேறு என்ன சொல்ல.

தார்ப்பாயை விலக்கிவிட்டு வண்டியின் பின்னால் குந்தினாள். விளக்குகளில் தூசி படிந்து சிவப்பு காவியாகியிருந்தது. சுற்றியிருந்த குரோம் வளையத்தில் புள்ளிப் புள்ளியாகத் துரு. திருகுகள் இறுகிப்போய் அசைய மறுத்தன. இந்த மாதிரித் திருகை அவசரப்பட்டுத் திருகினால் தலை அறுந்துவிடும். எண்ணெய் விட்டு, ஊறவிட்டு, மறுநாள் மறுபடி எண்ணெய் விட வேண்டும். அதற்காக அவள் தினமும் போகவேண்டியதாயிற்று.

அந்த ஷெட்டில் குந்தி வேலை செய்வது அவளுக்குப் பிடிக்கவில்லை. காரணம் ஒரு கண்ணாடி. காருக்குள் ஓட்டுபவர் பின்னால் பார்ப்பதற்காக ஒரு சிறு கண்ணாடி தொங்குமே, அது. பின்னால் நிற்பவர் அதற்குள் பார்த்தால் ஓட்டுபவரின் கண் தெரியும். எந்த வண்டியிலும் அப்படித்தான். இந்த வண்டியில் அதை யாரும் திருப்பவே இல்லை. அவர் வைத்த கோணத்திலேயே இருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தபோதெல்லாம், ஒரு முகம் இருக்கவேண்டிய இடத்தில் சீட்டின் தோல் தெரிந்தது. அந்தத் தோலில் தலை சாய்ந்து சாய்ந்து பளபளப்பான ஒரு வட்டம். நிமிராமலே வேலை செய்யப் பழகிக்கொண்டாள். கழுத்து வலித்தது.

ஒரு நாள் வேலை இழுத்துக்கொண்டு போய்ச் சாயங்காலமாகிவிட்டது. அந்த அம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "கொஞ்சம் தள்ளி வா. இங்க நின்னு பாரு" என்றாள். கதவோரமாக நின்று பார்த்தார்கள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு பின்விளக்கு இரண்டும் மெல்லச் சிவந்தன. யாரோ பிரேக்கில் காலை வைத்து அழுத்துகிற மாதிரியே, கொஞ்சம் கொஞ்சமாக.

 வண்டியில் பேட்டரி இல்லை. ஒயரை எலி கடித்துப் போட்டிருந்தது. பல்பக்காவே பார்த்திருக்கிறாள்.

"தினமும் இந்த நேரத்துக்குப் போடுவார்" என்றாள் அந்த அம்மா, பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வது போல.

பல்பக்கா சுற்றும் முற்றும் பார்த்தாள். எதிர்ச்சுவரில் உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். சாயும் வெயில் அதன் வழியாக வந்து நேராக லென்ஸில் விழுகிறது. லென்ஸின் வேலையே வந்த வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதுதான். அப்பாடா என்று மூச்சு விட்டாள். சொல்ல வாயெடுத்தாள்.

"வெயில்னு சொல்லப்போறே" என்றாள் அந்த அம்மா. "பையனும் அதைத்தான் சொல்றான். மழை நாள்லயும் வருதும்மா."

பல்பக்கா டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

கடைசியில் திருகுகள் இளகின. வலது விளக்கைத்தான் முதலில் திறந்தாள். உள்ளே உதிர்ந்த பூச்சி இறகுகள், காய்ந்து நொறுங்கிய ரப்பர். பல்பை எடுத்துத் துடைத்து, பூதக்கண்ணாடியை வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். பிரேக் கம்பி சுருள் சுருளாக, வாங்கின அன்று இருந்த மாதிரியே நின்றது. இடதைத் திறந்தாள். அதுவும் அப்படியே. ஒருவேளை அந்தக் காலத்தில் விளக்கே வேலை செய்யாமல் இருந்திருக்கலாம் என்று கடைசியாக ஒரு நம்பிக்கை. புது ஒயர் இழுத்து, பேட்டரி வைத்து, அதே பல்புகளைப் போட்டு, பையனைப் பெடலை அழுத்தச் சொன்னாள். இரண்டும் பளிச்சென்று எரிந்தன. ஸ்விட்சில் கோளாறு இல்லை, பல்பில் கோளாறு இல்லை. மனுஷன் மிதிக்கவில்லை, அவ்வளவுதான்.

பல்புகளைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, விளக்குகளையும் கழற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மேசைமேல் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, ஏன் என்று தெரியாமலே, இரண்டையும் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

அதற்குப் பிறகு லென்ஸைத் தேய்க்கிற நாட்கள். எத்தனையோ சிவப்பைப் பார்த்தவள்தான், ஆனால் இந்தச் சிவப்பு அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. வெள்ளைச் சுவரைப் பார்த்தால் இரண்டு பச்சைப் புள்ளிகள் பக்கத்தில் பக்கத்தில் மிதந்தன. சாப்பிடும்போது கணவனின் சட்டையிலும் வந்து உட்கார்ந்தன. நடுவில் ஒரு நாள் அந்த அம்மா போன் செய்தாள். வேலை எவ்வளவு தூரம் என்று கேட்கவில்லை. "விளக்கு உன் வீட்டுல இருக்கே. அங்க வந்தாரா?" என்று கேட்டாள். "இல்லைம்மா" என்றாள் பல்பக்கா. போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி அறையை விட்டுப் போகவில்லை.

கணவனிடம் சொன்னாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"மிதிக்கலைன்னா வேணும்னே விட்டார்னு அர்த்தமா? தூங்கியிருக்கலாம். கண்ணு ஒரு நொடி சொக்கினா போதும். நானே எத்தனை தடவை பொழைச்சிருக்கேன், தெரியுமா உனக்கு?"

"அதையெல்லாம் அந்த அம்மா கேக்கமாட்டாங்க. மிதிச்சாரா இல்லையா, அதான் கேக்கறாங்க."

"அப்ப மிதிச்சார்னு சொல்லு."

"பொய்யாவா?"

"யாருக்கு நஷ்டம்? போனவர் வந்து இல்லைன்னு சொல்லப்போறாரா? அந்த அம்மா மிச்ச நாளாவது நிம்மதியாத் தூங்கட்டும். ஊர் பூரா வாய் வளத்து இதைக் கிளப்பிவிட்டதே நீதான்."

கடைசி வார்த்தை சுருக்கென்று தைத்தது. அது உண்மை என்பதால் இன்னும் ஆழமாகத் தைத்தது. அவள் எழுந்து போய்த் தகர டப்பாவைத் திறந்தாள். டாக்சிக்காரரின் பல்பு இந்தக் காரின் பல்பைப் போலவே இருந்தது, அதே அளவு, அதே பித்தளை அடி. அதில் உறைந்திருந்தது யாரோ ஒருவர் உயிருக்குப் பயந்து மிதித்த மிதி. அதை எடுத்துக் கைக்குட்டையில் வைத்தபோது அவளுக்குத் திருடுகிற மாதிரி இருந்தது. நல்ல காரியத்துக்குத்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பையன் வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துப் போனாள். அந்த அம்மா முன்னறையில் காத்திருந்தாள். பல்பக்கா பல்பை உள்ளங்கையில் வைத்து நீட்டி, பூதக்கண்ணாடியைக் கொடுத்தாள்.

"மிதிச்சிருக்கார்மா. பாருங்க, கம்பி இழுபட்டிருக்கு. சந்தேகமே வேணாம்."

அந்த அம்மா வெகுநேரம் பார்த்தாள். "நல்லாவே மிதிச்சிருக்காரா?"

பொய் சொல்ல ஆரம்பித்தவருக்குப் பாதியில் நிறுத்தத் தெரியாது. "உயிரைக் குடுத்து மிதிச்சிருக்கார்மா. இவ்வளவு இழுபட்டு நான் பாத்ததே இல்லை" என்றாள்.

அழுவாள், பிறகு தெளிவாள் என்று பல்பக்கா எதிர்பார்த்தாள். அந்த அம்மா அழவில்லை. பூதக்கண்ணாடியை மெதுவாக வைத்துவிட்டு, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்குக் கடிகாரத்தைக் கழட்டி மேசை மேல வெச்சார். மத்தியானம் எனக்கு சாப்பாடு வைக்காதேன்னு சொன்னார். தூங்கிட்டிருந்த பையனோட காலைத் தொட்டுப் பாத்துட்டுப் போனார். எங்க போறார்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. முந்தின நாள் சண்டை. போனா போகட்டும்னு எழுந்திரிக்காம படுத்துக்கிட்டேன்."

பல்பக்கா பையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா ஒண்ணை வெச்சுக்கிட்டுத்தான் தூங்கறேன். முடிவு பண்ணினார், போயிட்டார், நடுவுல எதுவும் இல்லை. பயமில்லை, யோசனை இல்லைன்னு. நீ வந்து மிதிக்கலைன்னு சொல்லுவேன்னுதான் கேட்டேன்மா. அதைக் கேட்டுட்டா முழுசா விட்டுடலாம்னு." குரல் இறங்கிப் போனது. "திரும்பி வரணும்னு நினைச்சிருக்காரே. சுவர் கிட்ட வந்தப்புறம். அந்த நேரத்துல யாரைக் கூப்பிட்டாரோ."

பையின் அடியில், இன்னொரு கைக்குட்டையில், அந்த அம்மாவுக்கு வேண்டிய பதில் சுற்றிக் கிடந்தது. அப்போதே எடுத்து வைத்திருக்கலாம். பல்பக்காவின் கை எழவில்லை. அந்த அம்மா எழுந்து உள்ளே போய் ஓர் அறையின் கதவைச் சாத்திக்கொண்டாள்.  பல்பக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்துவிட்டு, வாசல் கதவைத் தானே சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்பார்கள். இது அதைவிடக் கேவலம் என்று தன்னையே திட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். 

விடிந்ததும் ஓடினாள். உண்மையான பல்புகள் இரண்டையும் மேசைமேல் வைத்தாள்.

"என்னை மன்னிச்சிடுங்கம்மா. நேத்து காட்டினது உங்க வண்டியோடது இல்லை. என் டப்பாவில கிடந்தது. உங்களுக்கு ஆறுதலா இருக்கும்னு பொய் சொல்லிட்டேன். இதுதான் உங்க வண்டி பல்பு. அவர் மிதிக்கலைம்மா. கம்பி கலையவே இல்லை, பாருங்க."

அந்த அம்மாவின் கண்கள் வீங்கியிருந்தன. பல்புகளை எடுத்துப் பார்க்கக்கூட இல்லை. பல்பக்காவின் கன்னத்தைத் தொட்டாள்.

"நான் உடைஞ்சு போனதைப் பாத்துட்டு மனசு கேக்காம ஓடி வந்திருக்கே. எனக்காகப் பொய் சொல்றே. நல்ல மனசும்மா உனக்கு."

"சத்தியமா இதுதான்மா உண்மை."

"நேத்தும் சந்தேகமே வேணாம்னுதானே சொன்னே" என்றாள் அந்த அம்மா, கோபமே இல்லாமல். பல்பக்கா மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றாள். டாக்சிக்காரரின் பல்பு அந்த அம்மாவின் கைக்குள்ளேயே இருந்தது. அதைத் திருப்பிக் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

விளக்குகளைப் பொருத்துகிற நாள் வந்தது. அவள் வாழ்நாளில் செய்ததிலேயே நல்ல வேலை அது. லென்ஸ் இரண்டும் ஒரே சிவப்பு, வளையம் முகம் பார்க்கலாம் போல. பெடலை அழுத்திப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். பையன் உள்ளே ஏறப்போனான். "நான் உக்கார்றேன்" என்றாள் அந்த அம்மா. இத்தனை வருஷத்தில் அவள் அந்த சீட்டில் உட்கார்ந்ததே இல்லை என்று பையன் பிறகு சொன்னான். காலை வைத்து அழுத்தினாள்.

"எரியுதா?"

"எரியுதும்மா."

காலை எடுப்பாள் என்று பல்பக்கா காத்திருந்தாள். எடுக்கவில்லை. உள்ளேயிருந்து மெதுவாகப் பேச்சுக் குரல் கேட்டது. அது பல்பக்காவிடமும் இல்லை, பையனிடமும் இல்லை. "நின்னாச்சுங்க. சுவர் இன்னும் தூரத்துல இருக்கு. இறங்கி வாங்க." பிறகு மறுபடி, "எரியுதா?"

"எரியுதும்மா."

அப்போதுதான் காலை எடுத்தாள்.

அன்றிலிருந்து பையன் அடிக்கடி வந்து கூப்பிடுகிறான். அம்மா உங்களைக் கேட்கிறார்கள், பிரேக் லைட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம் என்பான். வண்டி ஓடத் தயாராகியும் ஷெட்டை விட்டு வெளியே போகவில்லை. வீட்டில் மத்தியானம் அப்பாவுக்கும் சேர்த்துத் தட்டு வைக்கிறாளாம். "ஆனா அம்மா இப்ப சிரிக்கறாங்கக்கா" என்று அவன் சந்தோஷமாகவே சொல்கிறான். அவனிடம் என்னத்தைச் சொல்வது. பல்பக்காவும் எந்த வேலையானாலும் போட்டுவிட்டுப் போகிறாள். பின்னால் நின்று பார்த்து எரிகிறது என்று சொல்லிவிட்டு வருகிறாள்.

ஒரு தடவை போகவில்லை. காய்ச்சல் என்று கணவனைச் சொல்லச் சொன்னாள். காய்ச்சல் எல்லாம் இல்லை, பயம்தான். மறுநாள் காலையில் பையன் வாசலில் வந்து நின்றான். முகம் சரியில்லை. "நேத்து சாயங்காலம் ஏறி உக்காந்தவங்க இறங்கவே இல்லைக்கா. நான் எரியுதுன்னு சொன்னா நம்பமாட்டேங்கறாங்க. நீங்க சொன்னாத்தான் காலை எடுப்பாங்களாம். காலெல்லாம் வீங்கிடுச்சு."

பல்பக்கா செருப்பைக் கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள். ஷெட் கதவு திறந்துதான் இருந்தது. அந்த அம்மா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து, முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பேட்டரி எப்போதோ தீர்ந்துபோயிருந்தது.

காலடிச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். "வந்துட்டியா?" என்றாள், திரும்பாமல். "எரியுதா?"

பல்பக்கா வழக்கமான இடத்தில் போய் நின்றாள். இருண்டு கிடந்த இரண்டு விளக்குகளையும் பார்த்தாள்.

"எரியுதும்மா" என்றாள்.

அந்த அம்மா பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.